269 நானோமீட்டரில் ஒளி போகுமா என்று கேட்டு வாங்குங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயின் டோபி (DOBI, கூடுதலாக இருந்தால் எண்ணெய் நல்ல தரம் என்று காட்டும் எண்) பார்க்கப் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி, ஒன்று வாங்கியிருக்கிறார்கள், ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபரும் லென்ஸும் இல்லை. இணையத்தில் ஒருவர் 600 மைக்ரான் ஃபைபர், ஒளியை இணைக் கதிராக்கும் கொலிமேட்டிங் லென்ஸ் இரண்டு, கொசைன் கரெக்டர் எல்லாம் ஒரே செட்டாகத் தருகிறார். 200 மைக்ரானைவிட ஒன்பது மடங்கு ஒளி வருமாம். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள் தங்கச்சி. டோபி என்பது 446 நானோமீட்டரில் வரும் உறிஞ்சலை, அதாவது எண்ணெய் ஒளியை உறிஞ்சும் அளவை, 269-ல் வருவதால் வகுத்துக் கிடைக்கும் எண். 446 நீல வெளிச்சம், சாதாரணக் கண்ணாடியிலும் போய்விடும். 269 புற ஊதா, சாதாரணக் கண்ணாடி லென்ஸ் அதை விழுங்கிவிடும். அங்கே ஒளி வராவிட்டால் கருவிக்குள் சிதறித் திரியும் வேற்று ஒளியைத்தான் டிடெக்டர் எண்ணிக்கொண்டிருக்கும், 269-ன் உறிஞ்சல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், வகுக்கும் எண் குறைந்தால் டோபி ஏறிவிடும், அப்புறம் 2 வர வேண்டிய எண்ணெய்க்கு 3 காட்டும். எண்ணெய் வாங்குபவர் தன் கருவியில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அதனால் லென்ஸ் ஃபியூஸ்டு சிலிக்காவா, ஃபைபர் புற ஊதாவுக்கான ஹை ஓ.எச். ரகமா என்று முதலில் கேளுங்கள். மாதிரியை ஊற்றி வைக்கும் குவெட் குவார்ட்ஸாக இருக்க வேண்டும், விளக்கு டியூட்டீரியமாக இருக்க வேண்டும், ஹாலஜன் மட்டும் இருந்தால் 269-ல் ஏறக்குறைய ஒன்றும் வராது.

ஒன்பது மடங்கு கணக்கு ஃபைபரின் பரப்புக்குச் சரி. ஆனால் ஒளி உள்ளே போகும் ஸ்லிட் 25 மைக்ரான் அகலம்தான் என்றால், 600 மைக்ரான் வட்டத்தின் நடுவில் ஒரு கீற்று மட்டுமே நுழையும், மீதி சுவரில் மோதி நிற்கும். கிடைப்பது சுமார் மூன்று மடங்கு. அந்தக் காசை நல்ல ரக ஃபைபரில் போடுங்கள் என்பேன். கொசைன் கரெக்டர் நாலாபுறமிருந்தும் வரும் வெளிச்சத்தை அளக்க, குவெட் வேலைக்குத் தேவையே இல்லை.

பொருள் வந்ததும் ஃபைபரின் முனையை விரலால் தொடாதீர்கள். ஹாலஜன் விளக்கில் மாட்டி, மறுமுனையில் லென்ஸைத் திருகி, ஒளியைச் சுவரில் விழச் செய்யுங்கள், கண்ணை நேரே கொண்டு போகவே கூடாது. லென்ஸின் குட்டித் திருகைத் தளர்த்தி, உள்ளே வெளியே நகர்த்திப் பாருங்கள், பக்கத்தில் பிடித்தாலும் எட்டப் பிடித்தாலும் வட்டம் ஏறக்குறைய ஒரே அளவாக நின்றால் திருகை இறுக்கிவிடுங்கள். ஒளி அதிகமாகி டிடெக்டர் நிரம்பினால் சிலர் ஃபைபரைப் பாதி கழற்றி வைப்பார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், லேசாக அசைந்தாலே எண் மாறும். அதற்கு எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் இருக்கிறது, இல்லையென்றால் மெல்லிய ஃபைபர்.

இன்னொன்று. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்கும் சொந்தத்துக்கும் வாங்கும் பொருள்களுக்கானது. ஆலைப் பெயரில் வாங்கும் ஆய்வகப் பொருளுக்கு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நம்பிப் போக முடியாது. "269 நானோமீட்டரில் ஒளி போகும், போகாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம்" என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.