ஜெர்மன் மொழியில் ‘இன்னும் சுவாரசியமான’ என்பதற்கு ‘மேர் (இன்னும் அதிகம்) இன்டெரெஸான்ட் (சுவாரசியமான)’ என்று ஏன் சொல்லக்கூடாது?

ஆங்கிலப் பழக்கம்தான் இந்தக் கேள்வியைக் கிளப்புகிறது. ஆங்கிலத்தில் நீளமான சொல்லுக்கு முன்னால் ‘மோர்’ போடுவோம். ஜெர்மனில் சொல் எவ்வளவு நீண்டாலும் வாலில் ‘அர்’ ஒட்டினால் போதும்: இன்டெரெஸான்டர். ‘எல்லாவற்றையும் விட’ என்ற உச்ச நிலைக்கு ‘ஆம் … ஸ்டன்’. ஷ்னெல் (வேகம்), ஷ்னெல்லர், ஆம் ஷ்னெல்ஸ்டன். டி, ட் போன்ற ஒலியில் முடியும் சொல்லாக இருந்தால், வாய்க்கு வசதியாக நடுவில் ஓர் ‘எ’ வரும்.

அப்புறம் உயிரெழுத்து மாற்றம். அல்ட் (வயதான) என்பது எல்டர், ஆம் எல்டெஸ்டன் என்றாகும். எழுத்தில் ‘அ’வின் தலையில் இரண்டு புள்ளி ஏறும். அன்றாடம் புழங்கும் சின்னச் சொற்கள் பலவற்றில் இது நடக்கும், எல்லாவற்றிலும் அல்ல. அதனால் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. முரண்டு பிடிப்பவை சில: கூட் (நல்ல), பெஸ்ஸர், ஆம் பெஸ்டன்; ஃபீல் (நிறைய), மேர், ஆம் மைஸ்டன்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வேறொரு இடத்தில். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘அர்’ மட்டும் போதாது, வழக்கமான விகுதியும் வேண்டும். ‘வேகமான ஒரு கார்’ என்பது அய்ன் ஷ்னெல்லஸ் அவ்டோ. ‘இன்னும் வேகமான ஒரு கார்’ என்றால் அய்ன் ஷ்னெல்லரஸ் அவ்டோ. அங்கே ‘ஆம்’ வடிவமும் செல்லாது: டாஸ் ஷ்னெல்ஸ்டெ அவ்டோ.

நம் ‘விட’வுக்கு ‘அல்ஸ்’, சமம் என்றால் ‘ஸோ … வீ’. பேச்சில் ஜெர்மானியர்களே ‘அல்ஸ் வீ’ என்று இரண்டையும் கலப்பதுண்டு; தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.