கர்ப்பகாலத்தில் டெங்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றுமா?

தொற்றலாம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் தொற்றுவதில்லை. டெங்கோ, அதே நுளம்பு பரப்பும் சிக்குன்குனியாவோ சீக்காவோ, எந்த வைரஸ், எந்த மாதத்தில் வந்தது என்பதைப் பொறுத்தது. நான் டொக்டர் இல்லை. போன மார்கழியில் 37ஆவது கிழமையில் டெங்கோடு வாட்டில் கிடந்தவள்.

வீடு விசுவமடுவில். கூரைப் பீலியில் வேப்பஞ்சருகு அடைத்துத் தண்ணீர் நின்றதை ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பகலில் கடிக்கும்; நாங்களோ இரவில் மட்டும் வலை கட்டினோம். மலேரியாக் காலத்துப் பழக்கம். இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016இல் சான்றிதழே கிடைத்துவிட்டது, பழக்கம்தான் போகவில்லை.

"பிள்ளை முற்றிட்டுதுதானே, இப்பவே வெட்டி எடுத்தால் தப்பாதோ?" என்று அம்மா டொக்டரிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். காய்ச்சல் நாட்களில் தாயின் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அந்த நேரம் பிரசவம் நடந்தால் அது பிள்ளைக்கும் போய்விடலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கியிருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்துவதும் கஷ்டம். சில நாள் தள்ளிப்போனால் தாயின் உடலில் வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உண்டாகி, நச்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் சேரும். எனக்கு பிளேட்லெட் 48,000 வரை இறங்கித்தான் ஏறியது. பிளேட்லெட் ஏறுமென்று பப்பாசி இலைச் சாற்றோடு வந்த மாமியை மிஸ்ஸி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். காய்ச்சல் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் மகள் பிறந்தாள். குதியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை.

சிக்குன்குனியாவும் கடைசி நேரத்தில்தான் ஆபத்து, டெங்கைவிட மோசம். 2005-06இல் இந்து சமுத்திரத்தின் ரியூனியன் தீவில் அது பரவியபோது, பிரசவ நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் இருந்த தாய்மாரின் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்றியது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. பிறக்கும்போது நன்றாக இருக்கும் பிள்ளை, 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் கண்டு, பால் குடிக்காமல், தொட்டாலே வீரிட்டு அழும்.

சீக்கா இதற்கு நேர்மாறு. அதற்குக் கூடுதலாகப் பயப்பட வேண்டியது முதல் மூன்று மாதத்தில். நச்சுக்கொடியிலேயே பெருகி, பிள்ளையின் மூளையை உருவாக்கும் உயிரணுக்களைத் தாக்கும். 2015இல் பிரேசிலில் சிறிய தலையோடு பிள்ளைகள் பிறந்தது அதனால்தான். தாய்க்குக் காய்ச்சலே காட்டாமலும் இருக்கலாம்.

சரி, நீங்கள் பிள்ளைத்தாச்சி என்றால், காய்ச்சல் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனடோல் போதும், அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் கொடுத்த எதிர்ப்பொருள் மகளின் உடலில் மெல்ல மெல்லக் குறையும். அரைகுறையாக மிஞ்சும் மாதங்களில் வேறு வகை டெங்கு வந்தால், அதே எதிர்ப்பொருள் வைரஸுக்கே உதவிசெய்து நோயைக் கடுமையாக்கலாம். அவளுக்கு இப்போது ஏழு மாதம். பகலிலும் ஏணைக்கு மேல் வலை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். "வெக்கையில பிள்ளை அவியுது" என்று அம்மா ஏசிக்கொண்டிருக்கிறார்.