மீக்கடத்திக் கம்பி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குப் பயன்படும் மீக்கடத்திக் கம்பியின் துண்டு ஒன்றைக் காட்டினார்கள். பார்வைக்கு அது வெறும் செம்புக் கம்பிதான். முனையைத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் உள்ளே கருஞ்சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தன. மின்தடையே இல்லாத உலோகத்தைச் சுற்றி இத்தனை செம்பு எதற்கு?
– பொறியியல் மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: தாங்கள் கண்ட புள்ளிகள் நியோபியம்–டைட்டானியம் உலோகக்கலவை இழைகளின் வெட்டுமுகங்கள். இக்கலவை சுமார் 9 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 264 டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிரில், மின்தடையை முற்றிலும் இழக்கிறது. 4.2 கெல்வினில் உள்ள திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட காந்தத்தில் மின்னோட்டம் முழுவதும் இழைகளின் வழியாகவே ஓடும். அப்போது செம்புக்கு வேலையே இல்லை. ஆனால் அத்தகைய குளிரில் உலோகங்களின் வெப்ப ஏற்புத்திறன் மிகவும் குறைந்துவிடுவதால், சுருளில் ஒரு சுற்று இம்மியளவு நகர்ந்து உராய்ந்தால்கூட, அதில் எழும் சொற்ப வெப்பம் அந்த இடத்தின் மீக்கடத்துந்தன்மையைக் குலைத்துவிடும். குலைந்த நிலையில் இக்கலவை செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி. அருகில் செம்பு இருந்தால் மின்னோட்டம் அதற்குள் ஒதுங்கி, அந்த இடம் மீண்டும் குளிர்ந்ததும் இழைக்குத் திரும்பும். செம்பு இல்லையென்றால் கம்பி அங்கேயே எரிந்துபோகலாம். ஒரே தடித்த கம்பியாக இல்லாமல் பல மெல்லிய இழைகளாக வைப்பதும், காந்தப்புலம் திடீரென உள்ளே பாய்ந்து வெப்பத்தைக் கிளப்பாமல் தடுப்பதற்குத்தான்.

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் செம்புக் கம்பி இழுக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். மீக்கடத்திக் கம்பியும் இறுதியில் டையில் (கம்பியை மெலிதாக்கும் துளை அச்சில்) இழுக்கப்படுவதுதான் என்றால், எங்களைப் போன்றவர்கள் இதில் இறங்க முடியுமா? எப்படித்தான் செய்கிறார்கள்?
– ஒரு தொழில்முனைவோர், திருமங்கலம்

பதில்: இழுக்கும் வேலை தங்களுக்குத் தெரிந்ததே, இடர் அனைத்தும் அதற்கு முன்னால் இருக்கிறது. நியோபியம் சுமார் 2,477 டிகிரி செல்சியஸில் உருகும். டைட்டானியத்துக்கு 1,668 டிகிரி போதும். போதாக்குறைக்கு நியோபியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி கொண்டது. எடையில் 47 விழுக்காடு டைட்டானியம் இருக்க வேண்டிய இக்கலவை பாளம் முழுவதும் ஒரே சீராக அமைய, வெற்றிடத்தில் மின்வில் உலையில் ஒரு முறைக்கு மேல் உருக்கி எடுக்கிறார்கள். முழுமையாக உருகாத ஒரு நியோபியத் துணுக்கு உள்ளே தங்கினாலும், பின்னால் கம்பி அறுந்து அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பாளத்தை அடித்து நீட்டித் தண்டாக்கியபின், அதன்மேல் நியோபியத் தகட்டைச் சுற்றிச் செம்புக் குழாய்க்குள் செருகுகிறார்கள். இத்தகடு இல்லையெனில் பின்னால் சூடாக்கும்போது டைட்டானியமும் செம்பும் வினைபுரிந்து நொறுங்கும் சேர்மம் ஒன்று உண்டாகி இழையைக் கெடுத்துவிடும். இத்தகைய தண்டுகளை அறுகோண வடிவுக்கு இழுத்து, துண்டாக்கி, அமிலத்தில் கழுவி, பெரிய செம்பு உருளைக்குள் இடைவெளியின்றி அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மூடியை எலக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கிறார்கள். அடுக்கும் அறையில் தூசிக்கு இடமே இல்லை: தண்டுகளுக்கு நடுவே சிக்கிய கடினமான மணல் துகள், தண்டு இழையாக மெலியும்போது தான் மெலியாமல் அப்படியே நிற்கும். துகள் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இழை 6 மைக்ரான் என்றால் கம்பி அந்த இடத்தில் அறுவது உறுதி.

பிறகு உருளையைச் சூடாக்கி எக்ஸ்ட்ரூஷன் பிரஸ்ஸில் பிதுக்குவார்கள். அடுத்தடுத்த டைகளில் இழுப்பது, தெற்கு ஆவணி மூல வீதிப் பொற்கொல்லர் துளைப் பலகையில் பொன்கம்பியைப் படிப்படியாக மெலிய வைப்பதைப் போன்றதே. 250 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளை, கழிவே இல்லாமல் 1 மி.மீ. கம்பியானால் 62 கி.மீ.க்கு மேல் நீளும். மதுரையில் பிடித்த முனை ஏறத்தாழத் திண்டுக்கல்லைத் தொட்டுவிடும். அதற்குள் இழைகள் அனைத்தும் அறாமல், ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் சிறுத்தும் போகாமல் தொடர வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் அணுத்துகள் ஆய்வு நிறுவனத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவிப்பானில் உள்ள 1.065 மி.மீ. கம்பிக்குள் 7 மைக்ரான் விட்டமுள்ள இழைகள் 8,000-க்கும் அதிகம்.

இழுப்பதற்கு நடுவே, சுமார் 375 முதல் 420 டிகிரியில் பல பத்து மணி நேரம் வைத்துச் சூடாக்குவதும் உண்டு. தங்கள் கூடத்தில் செம்பை அனீல் செய்வது அதை மிருதுவாக்குவதற்காக. இங்கே நோக்கம் வேறு. கலவைக்குள்ளிருந்து டைட்டானியம் நுண்ணிய படிவுகளாகப் பிரிய வேண்டும். மேலும் இழுக்க இழுக்க அப்படிவுகள் சில நானோமீட்டர் தடிமனுள்ள மடிந்த ஏடுகளாகி, காந்தப்புலக் கோடுகளை நகரவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. கோடுகள் நகர்ந்தால் ஆற்றல் வீணாகும்; பிடிப்பு வலுவாக இருந்தால் 5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) புலத்திலும் ஒரு சதுர மி.மீ. கலவை வழியே சுமார் 3,000 ஆம்பியர் செலுத்தலாம். ஆக, கம்பியின் தரத்தைத் தீர்மானிப்பது கலவையின் விகிதத்தைவிட இந்தச் சூட்டுக்கும் இழுப்புக்கும் இடையிலான கணக்குதான் என்பது என் கருத்து. இறுதியாகக் கம்பியை முறுக்கி, இழைகள் அச்சைச் சுற்றித் திருகிச் செல்லும்படி செய்கிறார்கள்.

எனவே பாளத்திலிருந்து தொடங்குவது சிறு தொழிற்கூடத்துக்கு ஏற்றதன்று. வெற்றிட உலையும் எக்ஸ்ட்ரூஷன் பிரஸ்ஸும் கேட்கும் முதலீடு வேறு தரத்திலானது. பிதுக்கிய தண்டை வாங்கி இழுத்துத் தருவது, செம்பின் தூய்மைக்கும் விட்டத்தின் துல்லியத்துக்கும் சான்று காட்ட முடிந்தால், எண்ணிப் பார்க்கத்தக்கது.

கேள்வி: இதற்கான மூலப்பொருள்கள் நம் நாட்டில் கிடைக்கின்றனவா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: டைட்டானியத்துக்குக் குறையில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே அதன் தாதுவான இல்மனைட் இருக்கிறது. நியோபியத்தில்தான் உலகமே பெரும்பாலும் பிரேசிலை நம்பி இருக்கிறது.

கேள்வி: நியோபியம்–வெள்ளீயச் சேர்மம் 18 கெல்வின் வரை மீக்கடத்தும் என்று படித்தேன். பிறகு ஏன் 9 கெல்வின் கலவையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?
– பள்ளி ஆசிரியர், மேலூர்

பதில்: அது பீங்கானைப் போல உடையும், கம்பியாக இழுக்கவே முடியாது. ஆகவே நியோபியத்தையும் வெள்ளீயத்தையும் சேர்மமாகாத நிலையில் செம்புக்குள் வைத்து இழுத்து, பெரும்பாலும் சுருளாகச் சுற்றியும் முடித்தபிறகே, சுமார் 650 டிகிரியில் பல நாட்கள் சூடாக்கிச் சேர்மத்தை உண்டாக்குகிறார்கள். அதன்பின் அதை வளைக்கும் பேச்சே இல்லை. புலம் 10 டெஸ்லாவைத் தாண்டும் இடங்களில் வேறு வழியின்றி இதை ஏற்கிறார்கள். பிரான்சில் இந்தியாவும் பங்கேற்று அமைக்கப்படும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலைக்காக இவ்வகைக் கம்பி 1,00,000 கி.மீ.க்கும் மேல் தயாரிக்கப்பட்டது. மருத்துவமனையின் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்தங்களுக்கு, எளிதில் வளையும் பழைய கலவையே போதும்.