அமெரிக்காவுல பெரிய சர்ச்சுங்க கிறிஸ்துமஸுக்கு இவ்வளவு செலவு பண்ணி ஷோ போடுறது ஆள் சேர்க்கத்தானே?

ஆள் சேர்க்கத்தான், வேற எதுக்கு? அவங்களே மறைக்கிறதில்ல, பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு மேடையிலயே சொல்வாங்க. நீங்க டெக்சாஸுக்குப் புதுசா வந்திருப்பீங்க, ஆபீஸ்ல யாராவது கூப்பிட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். பிளேனோ பிரஸ்டன்வுட் பாப்டிஸ்ட் சர்ச் வீடியோ 2023ல வைரல் ஆச்சே, டிரம் அடிச்சுக்கிட்டே ஆளுங்க தலைக்கு மேல பறப்பாங்க, ஒட்டகம் வரும், அதுக்கு டிக்கெட்டும் உண்டு.

நான் இருந்தது வேற சர்ச், பேர் வேண்டாம். அங்கயும் ஒட்டகம் உண்டு, என் வேலை கருப்பு டிரஸ் போட்டுக்கிட்டு வாளியோட அது பின்னாடியே போறது. சிரிக்காதீங்க, அது கார்பெட்ல போட்டுருச்சுன்னா பின்னாடி குழந்தை இயேசுவைப் பாக்க வர்ற சாஸ்திரிங்க வேஷக்காரங்க அங்கியோட வழுக்கி விழணும். செப்டம்பர்லயே ரிகர்சல் ஆரம்பிச்சிரும், ஆபீஸ் முடிஞ்சு நேரா அங்கதான், எல்லாம் சம்பளமில்லாத ஊழியம். அதுல எனக்கு வருத்தமே கிடையாது, ஜாலியாத்தான் இருந்துச்சு.

வயித்தெரிச்சல் எங்கன்னா, 2022ல கிறிஸ்துமஸ் ஞாயித்துக்கிழமை வந்துச்சு, அன்னைக்கு ஆராதனையே இல்லன்னு மெயில் வருது, எல்லாரும் களைச்சிருப்பீங்க குடும்பத்தோட இருங்கன்னு. நான் பாளையங்கோட்டைக்காரன், விடியுமுன்ன கோயில் மணி அடிச்சா புதுத்துணி மாட்டிட்டு தூக்கக் கலக்கத்தோட ஓடினவன், எனக்கு எப்படி இருக்கும்? சிகாகோ பக்கம் வில்லோ க்ரீக் சர்ச் 2005லயே இப்படிப் பூட்டி பேர் வாங்குச்சு, அதனால புதுசும் இல்ல. உடனே நம்ம ஊர்ல சீரியல் செட்டு, ஸ்டார், குடில் போட்டி இல்லையான்னு கிளம்பாதீங்க, இருக்கு, ஆனா காலையில ஆராதனையும் இருக்கு.

செலவுன்னா, கலிஃபோர்னியாவுல கிறிஸ்டல் கதீட்ரல்னு ஒரு பெரிய சர்ச் இருந்துச்சு, அதைப் பாருங்க. வருஷா வருஷம் தேவதூதருங்க கம்பியில பறந்த இடம், 2010ல திவால், மிருகங்களை வாடகைக்குக் குடுத்தவங்களுக்கே பாக்கி, கடைசியில கட்டடத்தை 5.75 கோடி டாலருக்கு கத்தோலிக்க மறைமாவட்டம் வாங்கிருச்சு. ஷோவால மட்டும்தான்னு நான் சொல்லல, காணிக்கை குறைஞ்சது, அதை நடத்தின பாஸ்டர் குடும்பத்துச் சண்டை எல்லாம் சேர்ந்துதான்.

இன்னொன்னு, கேள்விக்குச் சம்பந்தமில்ல, இருந்தாலும் சொல்றேன். எங்க தமிழ் ஃபெல்லோஷிப்புக்கு மாசம் ஒரு சனிக்கிழமை ஒரு ரூம் கேட்டோம். டிசம்பர்ல காஸ்ட்யூம் வச்சிருக்கோம்னாங்க, சரி. ஈஸ்டருக்கும் அதே காஸ்ட்யூம் அங்கயேதான் கிடந்துச்சு. இப்ப ஒரு அண்ணாச்சி வீட்டு கராஜ்ல கூடுறோம்.

நீங்க ஷோவுக்குப் போங்க, பசங்களுக்குப் பிடிக்கும். 25ஆம் தேதி காலையில ஆராதனை வேணும்னா மட்டும் இப்பவே வேற சர்ச் பாத்து வச்சிருங்க, நிறைய பெரிய சர்ச்சுங்க 24ஆம் தேதி ராத்திரியோட முடிச்சுக்குவாங்க.