ராத்திரியில் அலறும் மகள்: கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி தறி வைத்திருக்கிறேன். மகளுக்கு 18 வயது. தினமும் பஸ்ஸில் வேலூருக்குப் போய் காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். படிப்புக்காக வாங்கிக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் 'டூம் 3' என்ற பேய்களைச் சுடுகிற கேமை, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை விளையாடுகிறாள். திடீர் திடீரென்று அலறுகிறாள். இரண்டு முறை வாந்தி வேறு எடுத்துவிட்டாள். கேட்டால், "பயமாத்தான் இருக்கு நைனா, ஆனா நல்லாருக்கு" என்கிறாள். ஒன்பது வயது மகன் கதவோரம் நின்று பார்க்கிறான். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று என் அம்மா அவளுக்குத் தாயத்து கட்டிவிட்டார். கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா? துப்பாக்கி பிடித்துப் பிடித்து புத்தி மாறிவிடுமோ?
(பெயர் வெளியிட வேண்டாம், குடியாத்தம்)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

விற்க வேண்டாம். வாந்தியும் பயமும் ஒன்றாக வருவதால் வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் கலக்கம் போய்விடும்.

முதலில் வாந்தி. இதற்குப் பேய் காரணமில்லை. இந்த மாதிரி விளையாட்டில் திரைதான் ஆடுகிறவரின் கண். ஓடுவது, சட்டென்று திரும்புவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, 'நீ நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய்' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபோது தலை சுற்றும், வேர்க்கும், குமட்டும். பஸ்ஸில் போகும்போது புத்தகமோ போனோ பார்த்தால் அவளுக்குக் குமட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், அந்த உடல்வாகுதான் இங்கேயும் வேலை செய்கிறது.

இதற்கு வழி அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 'ஃபீல்ட் ஆஃப் வியூ' என்பது திரையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதற்கான அளவு. மானிட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது குறுகலாக இருந்தால் சீக்கிரம் தலை சுற்றும். 90 டிகிரி அளவுக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது கேம்களில் பெரும்பாலும் செட்டிங்ஸிலேயே மாற்றலாம். பழையவற்றில் கட்டளை அடிக்க வேண்டியிருக்கும், அது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். நடக்கும்போது திரை மேலும் கீழும் ஆடுவதைக் குறைக்க முடிந்தால் குறைக்கட்டும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு, ஃபேனைப் போட்டுக்கொள்ளட்டும். நம் ஊர் வெயில் காலத்துப் புழுக்கத்தில் மூடிய அறையில் உட்கார்ந்தால் எதுவுமே ஆடாதவருக்கும் மயக்கம் வரும்! குமட்டல் தொடங்கிய உடனே நிறுத்திவிட வேண்டும், இது முக்கியம். 'இந்த லெவலை முடிச்சிட்டு வரேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால்தான் வாந்தியில் போய் முடியும்.

அப்புறம் பயம். இதில் உங்கள் ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெட்டுண்ட அம்மனின் தலை, விழித்த கண்களோடு தெருத் தெருவாக வருகிறது. உங்கள் பிள்ளைகளை நீங்களே தோளில் தூக்கி வைத்துக் காட்டியிருப்பீர்கள். யாருக்காவது புத்தி கெட்டதா? கெடாது. சுற்றிலும் சனம், மேளம், தேங்காய் உடைகிற சத்தம். கடைசியில் அந்தச் சிரசை உடலோடு பொருத்துவார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பயத்தைப் பத்து பேரோடு சேர்ந்து பார்க்கும்போது அது உடம்பை உலுக்கிவிட்டுப் போய்விடுகிறது. உங்கள் மகளோ அதே பயத்தை இருட்டில், தனியாக, சத்தத்தைக் காதுக்குள்ளேயே வாங்கிக்கொண்டு, நடுராத்திரியில் அனுபவிக்கிறாள். மாற்ற வேண்டியது அதைத்தான்.

விளக்கு எரியட்டும். ஹெட்போனுக்குப் பதிலாக ஸ்பீக்கர். இந்த வகை விளையாட்டில் பாதிப் பயம் சத்தத்தில்தான் இருக்கிறது, அது அறையில் கலந்து வரும்போது அவ்வளவு குத்தாது. நேரம் சாயங்காலம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். படபடத்த நெஞ்சு அடங்கிய பிறகுதான் தூக்கம் வரும். அதனால் ஆட்டத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும்.

இன்னொன்று. தறி நின்ற பிறகு ஒரு நாள் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். 2004இல் வந்த விளையாட்டு அது. செவ்வாய் கிரகத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம், அங்கே நரகத்துக்கு வாசல் திறந்துவிடுகிறது. அதில் டார்ச்சைக் கையில் எடுத்தால் துப்பாக்கியை உள்ளே வைத்துவிட வேண்டும். துப்பாக்கியை எடுத்தால் இருட்டு. மூலையில் ஏதோ உறுமும். பார்ப்பதா, சுடுவதா என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். 'ஒரு டேப் ஒட்டி டார்ச்சைத் துப்பாக்கியோடு கட்டக் கூடாதா' என்று ரசிகர்கள் புலம்பி, தாங்களே அப்படி மாற்றியும் ஆடினார்கள். 2012இல் வந்த மறுபதிப்பில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த விட்டார்கள். அவள் ஆடுவது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். எப்படி ஆடுவது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு விளக்கிச் சொல்கிற பெண்ணுக்கு அந்த அறையில் தனிமை இருக்காது. 'பயமாத்தான் இருக்கு, ஆனா நல்லாருக்கு' என்று அவள் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டரை விற்றுவிட்டால், அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

புத்தி மாறுமா என்றால், அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு தெரிகிறது, ஆனால் நிஜ வன்முறைக்கு விளையாட்டைக் காரணம் காட்டுவது அறிவியல்படி சரியில்லை. அவள் தம்பியிடம் எரிந்து விழுகிறாளா, படிப்பு சரிகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

மகன் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். அமெரிக்காவில் இதற்கு 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்றுதான் முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஒன்பது வயதில் பார்த்த உருவம் கண்ணை மூடினால் வந்து நிற்கும். அவன் டியூஷன் போகிற நேரம்தான் அக்காவின் விளையாட்டு நேரம் என்று வைத்துவிடுங்கள். இதுவரை என்ன பார்த்தான், எது பயமாக இருந்தது என்று திட்டாமல் கேளுங்கள். அதெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்று அக்காவே பகலில் அவனுக்குச் சொல்லட்டும்.

உங்கள் அம்மா கட்டிய தாயத்து அவள் கையிலேயே இருக்கட்டும், அதில் சண்டை வேண்டாம். ஆனால் திரையில் வெளிச்சம் விட்டு விட்டு மின்னும்போது அவள் நினைவு தப்பினாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, சில நொடி பேச்சு மூச்சில்லாமல் வெறித்துப் பார்த்தாலோ, விளையாட்டை அன்றோடு நிறுத்திவிடுங்கள். சிலருக்கு மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வரும். வேலூர் சி.எம்.சி. உங்களுக்குப் பக்கம்தான், நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த நேரத்தில், எதைப் பார்த்தபோது வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.