வாசலிலேயே கேட்டுவிடுங்கள்: நர்சரி ஊழியர்களின் தனிமைப்படுத்தல் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் நர்சரிகளிலும் பாடசாலைகளிலும் வேலை செய்யும் நம்மவர்கள் சில மாதங்களாக ஒரே மனக்குறையை வெவ்வேறு சொற்களில் எழுதி அனுப்புகிறார்கள். கோவிட் தொற்றுக் காரணமாக வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளையைப் பெற்றோர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள், அதன் விளைவை நாங்கள் சுமக்கிறோம் என்பதே அது. லண்டனில் ஒரு நர்சரியில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்து, இப்போது அங்கே துணை முகாமையாளராக இருப்பவள் என்ற முறையில் என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன். இவை 2021 ஏப்ரல் கடைசி வாரத்தில், இங்கிலாந்தில் அப்போது இருந்த கோவிட் விதிகளை மட்டும் வைத்து எழுதியவை; அந்தத் தனிமைப்படுத்தல் சட்டம் 2022 பெப்ரவரியில் நீக்கப்பட்டுவிட்டது, இங்கே வரும் தொகைகளும் விதிகளும் அன்றைய நிலவரமே.

கேள்வி (ஹாரோ): அக்கா, மூன்று வயதுப் பிள்ளைகளின் அறையில் வேலை செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சிறுமி களிமண் உருட்டிக்கொண்டே, "அப்பா மேல் அறையில் தனியாகப் படுத்திருக்கிறார், அம்மா கதவுக்கு வெளியே தட்டை வைப்பா" என்றாள். மாலையில் தாயிடம் "கணவருக்குச் சுகமில்லையா?" என்று கேட்டேன். சாதாரணத் தடிமன் என்றார். நான்கு நாள் கழித்துச் சிறுமிக்கே தொற்று உறுதியானது; தந்தைக்கு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அறையை மூடிவிட்டார்கள், எனக்கும் பத்து நாள் வீட்டுத் தனிமை. வீட்டில் நீரிழிவு உள்ள மாமியார் இருக்கிறார். கோபத்தில் தூக்கம் வரவில்லை. அந்தத் தாய்மீது நடவடிக்கை எடுக்க முடியாதா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அதை யாரும் குறைத்துப் பேசத் தேவையில்லை. நாங்கள் முகக்கவசம் போட்டாலும், பிள்ளையின் மூக்கைத் துடைக்கவும் அழும் பிள்ளையைத் தோளில் போடவும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று முடியாது. தடுப்பூசியோ எங்கள் தொழிலைப் பார்த்துத் தரப்படவில்லை, வயது வரிசைப்படியே தரப்படுகிறது. ஆகவே எங்கள் துறையில் பெரும்பாலாக உள்ள இளம் பெண்களுக்கு இன்னும் முறை வரவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2020 செப்டெம்பர் 28 முதல் இங்கிலாந்தில் தனிமைப்படுத்தல் ஒரு சட்டக் கடமை. மீறினால் அபராதம் 1,000 பவுணில் தொடங்கி, திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு 10,000 பவுண் வரை போகும். பிள்ளை தனிமையில் இருப்பதை உறுதிசெய்வது பெற்றோரின் பொறுப்பு என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தொற்றுள்ளவர்களையும் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களையும் தேடி அறிவிக்கும், தேசிய சுகாதார சேவையின் டெஸ்ட் அண்ட் ட்ரேஸ் பிரிவோ உள்ளூர் சுகாதார அதிகாரியோ அறிவித்த பிறகுதான் அந்தக் கடமை சட்டப்படி பிறக்கிறது. அதற்கு முன் இருப்பது அரசாங்க வழிகாட்டல் மட்டுமே. தந்தைக்கு முடிவு வந்த நாள், குடும்பத்துக்கு அழைப்பு வந்த நாள், பிள்ளை நர்சரிக்கு வந்த நாள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் குற்றம் என்று சொல்ல முடியாது. அந்த ஒப்பீடு உங்கள் வேலையும் அல்ல. பிள்ளை சொன்ன வார்த்தை, தாய் சொன்ன பதில், திகதி, நேரம் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி முகாமையாளரிடம் கொடுங்கள். தொற்று உறுதியானதை, நர்சரிகளைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான ஒஃப்ஸ்டெட்டுக்கு அறிவிக்க வேண்டியவர் அவர்தான். சுகாதாரப் பிரிவிடம் எடுத்துச் செல்ல வேண்டியவரும் அவரே.

கோபிக்காமல் கேளுங்கள், தங்கச்சி. அந்தச் சிறுமி வாய் திறந்தது பகலில், தாயிடம் கேட்டது மாலையில். அவள் சொன்ன உடனேயே அலுவலகத்திலிருந்து தாயைத் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும். அத்துடன் "சுகமில்லையா?" என்பது நலம் விசாரிக்கும் கேள்வி, அதற்கு வரும் பதிலும் அப்படித்தான் இருக்கும். எங்கள் வாசலில் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறோம். வீட்டில் யாருக்காவது புதிதாக விடாத இருமல், காய்ச்சல், மணமோ சுவையோ தெரியாமல் போவது உண்டா? யாராவது பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறீர்களா? யாரையாவது தனிமையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்களா? பதிலை எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறோம். மழுப்பிப் பேசக்கூடியவர்கள்கூடப் பேனாவைக் கையில் எடுத்ததும் சற்றுத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமியார் நீரிழிவு நோயாளி என்றால் அவருக்குத் தடுப்பூசி அழைப்பு ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் இன்றே ஜீபியை (குடும்ப மருத்துவரை) கூப்பிடுங்கள்.

கேள்வி (குறொய்டன்): காலையில் கல்போல் (பிள்ளைகளுக்கான பராசிட்டமோல் பாணி) கொடுத்துவிட்டுக் கொண்டுவந்து விடும் பெற்றோரை என்ன செய்வது?

பதில்: இந்தப் பிரச்சினை கோவிட்டுக்கு முன்பும் இருந்தது, கோவிட்டுக்குப் பின்னும் இருக்கும். எட்டு மணிக்குப் பிள்ளை துள்ளிக்கொண்டு வருவான். சட்டைக் கழுத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பிசுபிசுப்பு, கிட்டப் போனால் ஸ்ட்ரோபெரி வாசனை. பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குள் மருந்தின் வேகம் இறங்கி, பிள்ளை புத்தக மூலையில் சுருண்டு படுப்பான்; தொட்டால் கொதிக்கும். பராசிட்டமோல் நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும் என்பது தாய்க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்குள் அவர் அரை நாள் வேலையை முடித்திருப்பார்.

காலைத் தாளில் "கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் மருந்து ஏதும் கொடுத்தீர்களா, எப்போது, எதற்கு?" என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். கொடுத்தேன் என்றால் காரணம் கேளுங்கள். பல் முளைக்கிறது என்பது வழக்கமான பதில். பல் முளைப்பதால் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் ஏறுவதில்லை. ஏறினால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி, பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். பெற்றோர் அடம்பிடித்தாலும், மற்றப் பிள்ளைகளையும் ஊழியர்களையும் காக்கத் தேவை என்று நியாயமாகக் கருதினால் பிள்ளையை ஏற்க மறுக்கலாம் என்று கல்வித் திணைக்களத்தின் வழிகாட்டல் சொல்கிறது. அந்தப் பந்தியை அச்செடுத்து வாசல் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். "நான் மறுக்கவில்லை அம்மா, இதைப் பாருங்கள்" என்று காட்டினால் சண்டை பாதியாகக் குறைகிறது.

கேள்வி (மில்ட்டன் கீன்ஸ்): பபிளில் (மற்றவர்களோடு கலக்காமல் ஒன்றாகவே வைத்திருக்கும் பிள்ளைகள் குழுவில்) ஒரு பிள்ளைக்குத் தொற்று வந்ததால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாள் அந்த வகுப்புத் தாய் ஒருவரைச் சுப்பர்மார்க்கெட்டில் கண்டேன். வண்டி நிறையச் சாமான், முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. இவர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறது?

பதில்: அவர் எந்த விதியையும் மீறவில்லை. தொற்று வந்தவருடன் தொடர்பில் இருந்தது பிள்ளை மட்டும். ஆகவே பிள்ளைதான் வீட்டில் இருக்க வேண்டும். அறிகுறி இல்லாதவரை தாய், தகப்பன், சகோதரர் வெளியே போகலாம், வேலைக்கும் போகலாம். பிள்ளைக்கே அறிகுறி வந்தால்தான் வீடு முழுவதும் அடங்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நாங்கள் பெற்றோரை முறைத்துப் பார்ப்பது உண்டு. வண்டியில் பிள்ளை உட்கார்ந்திருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): அக்கா, நான் மற்றப் பக்கத்து ஆள். மளிகைக் கடையில் வேலை, தனியாக ஒரு மகனை வளர்க்கிறேன். செப்டெம்பரிலிருந்து மூன்று முறை அவனைப் பத்து, பதினான்கு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டில் இருந்தால் எனக்குச் சம்பளம் இல்லை, ஆனால் நர்சரிக் கட்டணம் மட்டும் கழிகிறது. மூன்றாவது முறை அவனைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். நான் குற்றவாளியா?

பதில்: பக்கத்து வீட்டில் விட்டது தவறுதான். அவனுக்குத் தொற்று இருந்திருந்தால் அந்த அம்மா அகப்பட்டிருப்பார். ஆனால் உங்களை அந்த இடத்துக்குத் தள்ளிய ஓட்டையை நான் மறைக்க மாட்டேன். நீங்கள் நோயாளியும் அல்ல, தனிமையில் இருக்கச் சொல்லப்பட்டவரும் அல்ல என்பதால் சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம்கூட உங்களுக்குக் கிடையாது. கிடைத்தாலும் அது 2021 ஏப்ரல் கணக்கில் வாரத்துக்கு 96.35 பவுண்தான், ஈஸ்ட் ஹாமில் அதை வைத்து ஒரு அறைக்கு வாடகை கொடுக்க முடியுமா என்று சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2021 மார்ச் 8 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. தனிமையில் இருக்கச் சொல்லப்பட்ட பிள்ளையைப் பார்ப்பதற்காக வேலைக்குப் போக முடியாத பெற்றோரும் 500 பவுண் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையாக இருக்க வேண்டும், அதனால் வருமானம் குறைய வேண்டும், யூனிவர்சல் கிரெடிட் போன்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க உதவி ஒன்றைப் பெறுபவராக இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்கும், வருமானம் குறைவாக இருந்தால், கவுன்சில் (உள்ளூராட்சி சபை) தன் விருப்புரிமையில் கொடுக்கலாம். விண்ணப்பம் உங்கள் கவுன்சிலிடம். நர்சரி அனுப்பிய கடிதத்தைக் கட்டாயம் வைத்திருங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கடந்திருந்தால் சம்பளமற்ற பெற்றோர் விடுப்பும் உங்கள் உரிமை. அவசரத்துக்குச் சம்பளமின்றி ஓரிரு நாள் நிற்க அந்த ஒரு வருடமும் தேவையில்லை.

நர்சரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூடிய நாட்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு, உண்மையைச் சொல்லவில்லை என்று பெற்றோரைத் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் இடத்தில் இதைப் பற்றி நான் பேசினேன், தோற்றேன்.

கேள்வி (லெஸ்டர்): ஊருக்குப் போய்வந்த குடும்பங்கள் பத்து நாள் முடியுமுன் பிள்ளையை அனுப்புகிறார்கள். கேட்டால், ஐந்து வயதுக்குக் கீழே விதி இல்லை என்கிறார்கள்.

பதில்: பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டாம் நாள், எட்டாம் நாள் பரிசோதனைகள் தேவையில்லை. தனிமைப்படுத்தலிலிருந்து அவர்களுக்கு விலக்கு இல்லை. கொழும்பிலிருந்து வந்த பிள்ளை பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். இந்தியா 2021 ஏப்ரல் 23ஆம் திகதி சிவப்புப் பட்டியலில் (தொற்று ஆபத்து அதிகம் என்று அரசாங்கம் குறித்த நாடுகளின் பட்டியலில்) சேர்ந்துவிட்டதால், அதன் பிறகு அங்கிருந்து வருபவர்கள் ஹோட்டலில் பத்து நாள் தங்க வேண்டும், பெரியவர் ஒருவருக்கு 1,750 பவுண். அந்தத் திகதிக்கு முதல் நாள்களில் ஓடி வந்தவர்கள் இப்போது வீட்டில் பத்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் வந்திறங்கிய திகதியைக் கேளுங்கள். அம்மம்மா மட்டும் பயணம் செய்து வந்திருந்தால், அவருக்கு அறிகுறி இல்லாதவரை வீட்டிலிருந்த பேரப்பிள்ளை வரலாம்.

கேள்வி (இல்ஃபோர்ட்): பொய் சொன்ன குடும்பத்தின் பெயரைப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் போட்டால் என்ன?

பதில்: உங்கள் வேலை போகும். யாருக்குத் தொற்று என்பது மருத்துவத் தகவல். நர்சரிகூடப் பெயர் சொல்லாமல்தான் கடிதம் அனுப்ப வேண்டும்.

கேள்வி (ஹவுன்ஸ்லோ): பெற்றோரை மட்டும் சொல்கிறீர்கள். எங்கள் இடத்தில் ஒரு சக ஊழியரின் வீட்டில் இருமலும் காய்ச்சலும். அவர் மறைத்துக்கொண்டு வருகிறார். முகாமையாளருக்கும் தெரியும், ஆள் இல்லை என்று பேசாமல் இருக்கிறார்.

பதில்: இரண்டு வயதுப் பிள்ளைகள் நால்வருக்கு ஒரு பெரியவர் என்பது 2021இல் இருந்த கணக்கு. பன்னிரண்டு பேர் இருக்கும் அறைக்கு மூவர் வேண்டும். ஒருவர் நின்றால் அன்று நான்கு குடும்பத்துக்கு "வராதீர்கள்" என்று சொல்ல வேண்டும். முகாமையாளரின் மௌனத்துக்குக் காரணம் அதுதான். ஆனாலும் தனிமையில் இருக்க வேண்டியவர் என்று தெரிந்தும் ஊழியரை வேலைக்கு வர விடும் முதலாளிக்கும் அதே 1,000 பவுணில் தொடங்கும் அபராதம் உண்டு. முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை மறந்துவிடலாம், மின்னஞ்சலை மறக்க முடியாது. பலன் இல்லையென்றால் உள்ளூர் சுகாதாரப் பிரிவிடமோ ஒஃப்ஸ்டெட்டிடமோ போகலாம். அதற்கு முன் அந்தச் சக ஊழியரோடு தனியாக ஒரு தேநீர் குடித்துப் பாருங்கள். பத்து நாள் சம்பளம் போனால் அவர் வீட்டில் என்ன ஆகும் என்பது அப்போது தெரியும். 500 பவுண் விஷயம் அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

கேள்வி (வெம்ப்ளி): பிள்ளை, நான் முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். நம்முடைய சனத்துக்குத்தான் இந்த ஒழுங்கு வராது என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: ஐயா, சரியில்லை. பிரித்தானிய மருத்துவ இதழில் 2021 மார்ச்சில் வந்த ஆய்வு இந்த நாட்டு மக்களிடம் தொடர்ச்சியாக 37 முறை கணக்கெடுத்தது. அறிகுறி வந்த பிறகு முழுமையாகத் தனிமையில் இருந்ததாகச் சொன்னவர்கள் சராசரியாக நூற்றுக்கு 43 பேர்கூட இல்லை. கடைப்பிடிப்பது குறைந்திருந்தது யாரிடம் என்றால், ஆண்களிடம், இளையவர்களிடம், வீட்டில் சிறு பிள்ளை உள்ளவர்களிடம், பணக் கஷ்டம் உள்ளவர்களிடம், அத்தியாவசியத் துறைகளில் வேலை செய்பவர்களிடம். எங்கள் வாசலில் வந்து நிற்பவர்களில் பெரும்பாலானோர் இதில் ஏதாவது இரண்டுக்குள் அடங்குவார்கள். நம்மவர்களில் மறைத்தவர்களும் உண்டு. பிறந்தநாளுக்கு ஒருவரையும் கூப்பிடாமல் படிக்கட்டில் கேக்கை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

கேள்வி (ஹேய்ஸ்): பத்தாம் நாள் காலையிலேயே பிள்ளையைக் கொண்டுவந்து நிற்கிறார்கள். எப்படி எண்ணுவது?

பதில்: இதில் நானே ஒருமுறை தவறினேன், அதனால் விரல் விட்டு எண்ணிச் சொல்கிறேன். அறிகுறி தொடங்கிய நாளை எண்ணக் கூடாது. அதற்குப் பிறகு முழுதாகப் பத்து நாள். ஏப்ரல் 15, வியாழக்கிழமை காய்ச்சல் தொடங்கியது என்றால், 16ஆம் திகதி ஒன்று, 25ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பத்து. அந்த இரவு பன்னிரண்டு மணி வரை வீடுதான். நான் வியாழனையே ஒன்று என்று எண்ணி, ஒரு தகப்பனிடம் "ஞாயிறு உறவினர் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு சனி இரவு அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இடையில் வந்த நெகட்டிவ் முடிவைக் காட்டி, தொடர்பில் இருந்த பிள்ளையை முன்கூட்டி விடச் சொன்னால் ஏற்காதீர்கள். கிருமி வெளிப்படப் பல நாள் எடுக்கும், இரண்டாம் நாள் பரிசோதனை ஒன்பதாம் நாளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பத்து நாள் முடிந்தும் காய்ச்சல் இருந்தால் இன்னும் வீட்டில் இருக்க வேண்டும். இருமல் மட்டும் மிஞ்சியிருந்தால் வரலாம். மேலே சொன்ன பிள்ளை காய்ச்சல் இல்லாமல் இருந்தால், திங்கள் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.