தம்பியோட பெயிலை கம்ப்யூட்டர் முடிவு பண்ணுமா?

கேள்வி: என் தம்பி அடிதடி கேஸ்ல 3 வாரமா சப்-ஜெயில்ல இருக்கான். இப்பல்லாம் ஜட்ஜுங்க ஏஐகிட்ட கேட்டுத்தான் பெயில் குடுக்குறாங்கன்னு எங்க மாமா ஃபேமிலி குரூப்ல போட்டாரு. தம்பி மேல பழைய கேஸ் ஒண்ணு இருந்துச்சு, விடுதலை ஆயிட்டான். அதைப் பாத்துட்டு மெஷின் ‘விடாதே’ன்னு சொல்லிடுமா? பெயில் மனுவையும் சாட்ஜிபிடில எழுதிக்கலாம்ங்குறாரு மாமா.
- ஒரு அக்கா, திண்டிவனம்

பதில்: மாமா போட்டது முழுப் பொய்யும் இல்ல சகோதரி, அதான் வம்பே. 2023 மார்ச்ல பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்ல நீதிபதி அனூப் சிட்காரா ஒரு பெயில் மனுவை விசாரிச்சப்ப, கொடூரமா தாக்குன கேஸ்ல பெயில் பத்தி சட்டம் பொதுவா என்ன சொல்லுதுன்னு சாட்ஜிபிடிகிட்ட கேட்டு அந்தப் பதிலை ஆர்டர்லயே சேத்துட்டாரு. கூடவே, இது ஒரு பொதுவான புரிதலுக்குத்தான், இந்தக் கேஸைப் பத்தின கருத்து இல்லன்னும் எழுதிட்டாரு. மனு தள்ளுபடி ஆச்சு, தள்ளுனது ஜட்ஜ்தான். கேரளா ஹைகோர்ட் 2025 ஜூலைல, கீழ்க்கோர்ட்டுங்க எந்த முடிவு எடுக்கவும் ஏஐயை நம்பக் கூடாதுன்னே சொல்லிடுச்சு.

நீங்க பயப்படுற மாதிரி ஆளுக்கு மார்க் போடுற சமாச்சாரம் அமெரிக்காவுல இருக்கு. நியூஜெர்சில 2017லேர்ந்து வயசு, நிலுவைல இருக்குற கேஸ், பழைய தண்டனை, வாய்தாவுக்கு வராம போனதுன்னு 9 விஷயத்தைக் கூட்டி ஜட்ஜ் கைல மார்க் குடுப்பாங்க. ஃபுளோரிடால காம்பஸ்னு இதே மாதிரி மார்க் போடுற வேற ஒரு சாஃப்ட்வேர், 2016ல ப்ரோபப்ளிகா பத்திரிகைக்காரங்க அதைத் தோண்டிப் பாத்தா, அப்புறம் எந்தத் தப்பும் பண்ணாதவங்கள்லயே வெள்ளைக்காரங்களை விட கறுப்பின மக்களை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ‘ஆபத்தான ஆளு’ன்னு தப்பா குறிச்சிருக்கு. பழைய ரெக்கார்டுல இருக்குற கோணல் அப்படியே நம்பராகி வந்து நிக்குது, வேற என்ன.

ஆனா ஒண்ணு கவனிங்க, நியூஜெர்சி மெஷின்கூட முடிஞ்சுபோன கேஸ்ல தண்டனை ஆனதைத்தான் எண்ணும், விடுதலை ஆனதை எண்ணாது. நம்ம ஊர்ல மெஷினே வேணாம், அரசு வக்கீல் எழுந்து “முன் வழக்கு இருக்குங்க ஐயா”ன்னு ஒரே வரி சொன்னா போதும், அது விடுதலை ஆன கதை அந்த வரில வராது. அதனால அந்த விடுதலைத் தீர்ப்போட சர்டிஃபைடு காப்பியை வாங்கி நாளைக்கே உங்க வக்கீல் கைல குடுங்க, அதோட தம்பி வேலை பாக்குற இடத்துலேர்ந்து ஒரு லெட்டர், வீட்டு அட்ரஸ் புரூஃப். வக்கீல் இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, காவல்ல இருக்குறவங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. ரிமாண்ட் தேதியையும் குறிச்சு வைங்க, கேஸைப் பொறுத்து 60 நாளோ 90 நாளோ, அதுக்குள்ள சார்ஜ்ஷீட் போடலன்னா பெயில் கேக்குறது தம்பியோட உரிமை, ஆனா மனு போட்டுக் கேக்கணும், தானா வராது.

சாட்ஜிபிடில மனு மட்டும் வேண்டவே வேண்டாம்மா. அது இல்லாத தீர்ப்பை இருக்குற மாதிரியே நம்பரோட எழுதித் தரும், 2023ல நியூயார்க்ல அப்படி நம்பித் தாக்கல் பண்ண வக்கீலுங்க 5,000 டாலர் ஃபைன் கட்டுனாங்க.

மாமாவுக்கு ஆர்வம் ஜாஸ்தியா இருந்தா, அவர் பேர்ல வீட்டு வரி ரசீது இருக்கான்னு கேளுங்க. பெயில் கிடைச்ச அன்னிக்கு சூரிட்டிக்கு, அதாவது தம்பிக்காக ஜாமீன் நிக்க, ஆள் வேணும்.